பல் நோவாகத் தொடங்கும் முக அக்கி

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார். மூன்று நாளாக வலப்பக்க மேல் பல் விண்விண் என்று குத்தியது. நேற்று அதே பக்கக் கன்னம், மேலுதடு, அண்ணத்தில் கொப்புளம் போட்டுவிட்டது. பல்லைக் கழற்றலாமா? – வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பல்லைத் தொட வேண்டாம். முதலில் வலி, பிறகு நடுக்கோட்டைத் தாண்டாத கொப்புளம் என்றால் பெரும்பாலும் அக்கிதான். முன்பு வந்துபோன கொப்புளிப்பானின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து மீண்டும் கிளம்புகிறது. கன்னத்துக்கும் அண்ணத்துக்கும் போகும் நரம்புக்கிளையே மேல் பல்லுக்கும் போகிறது. அதனால்தான் நல்ல பல்லும் வலிக்கிறது.

இன்றே ஆதார வைத்தியசாலை ஓ.பி.டி.க்குக் கூட்டிச் செல்லுங்கள். கொப்புளம் போட்டு 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப்பலன். வழமையான அளவு அசைக்ளோவிர் 800 மி.கி., நாளுக்கு 5 தடவை, 7 நாள். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று பிரித்துக்கொள்ளலாம். பிழை நடப்பது இங்கேதான்: பாமசியில் கிடைப்பது 200 மி.கி. குளிசையானால் ஒரு வேளைக்கு நான்கு வேண்டும். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகப் பழுது இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வலிக்குப் பரசிற்றமோல் போதும். டைக்ளோபெனாக் சிறுநீரகத்துக்குச் சுமை.

வாய்க்குள் குளோர்ஹெக்சிடின் 0.2% கழுவுநீர் 10 மி.லி., காலையும் இரவும். கட்டுப்பல் இருந்தால் கழற்றி வையுங்கள். மிளகாய், புளி வேண்டாம். ஆறிய கஞ்சி, சீனி போடாத தயிர் இறங்கும். சாப்பாடு குறைந்திருக்க நீரிழிவுக் குளிசையை வழமைபோல் போட்டால் சீனி சட்டென்று இறங்கலாம், அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்புண்ணுக்கென்று கையில் கிடைக்கும் ஸ்டீரொயிட் களிம்பைப் பூசாதீர்கள். மஞ்சள், வேப்பிலை, காவி எதுவும் உடைந்த கொப்புளத்தில் வேண்டாம், கிருமி ஏறும். மந்திரித்துப் பார்வை பார்ப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக மருந்து ஒரு நாளும் பிந்தக்கூடாது.

மூக்கு நுனியில் கொப்புளம் வந்தாலோ கண் சிவந்தாலோ அன்றே கண் வைத்தியரிடம் காட்டவும், பார்வை போகக்கூடும். காதில் கொப்புளமும் வாய்க் கோணலும் சேர்ந்தால் அதுவும் அவசரம்.

பொருக்குத் தட்டும்வரை, கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கிட்டப் போகக்கூடாது. புண் ஆறி மூன்று மாதமாகியும் எரிவு போகாமல் இருந்தால் அது நரம்பு வலி. அதற்குப் பரசிற்றமோல் உதவாது. இரவில் 10 மி.கி. அமிற்றிப்டிலின் போன்ற மருந்தை வைத்தியர் தொடங்குவார்.