தொட்டியும் செங்கல்லும்

கேள்வி: பனியுகத்தில் தரையைத்தானே பனி மூடியது? கடல் கடலாகத்தானே இருந்தது? பிறகு எப்படிக் கடல் பிராணிகளின் மரபணுவில் பனியுகத்தின் தடயம் வந்தது?

பதில்: கடல் கடலாக இல்லை என்பதுதான் விஷயமே. விலங்கியல் வாத்தியாராக இருந்தபோது இந்தப் பாடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு செங்கல்லும் தூக்கிக்கொண்டு போவேன். செங்கல் குறுக்கே இறுக்கமாக உட்காரும் அளவுள்ள தொட்டி. செங்கல் முழுகும்வரை தண்ணீர் ஊற்றினால் ஒரே குளம். நாலு டம்ளர் மொண்டுவிட்டால் இரண்டு குளம். (ஒரு பையன், "சார், மொண்ட தண்ணி எங்கே போச்சு?" என்று கேட்டான். அதுதான் பாடம்.)

மொண்ட தண்ணீர் பனியாகத் தரைமேல் ஏறிக்கொண்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே கிடந்தது. செங்கல் எது என்றால், தென்கிழக்கு ஆசியாவின் சுந்தாத் திட்டு, அதாவது ஆழமில்லாத கடலுக்கு அடியில் கிடக்கும் அகலமான நிலப்பரப்பு. அது வெளியே தலைநீட்ட, சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் ஆசியாவோடு ஒட்டிக்கொண்டன. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் நடுவே இருந்த வாசல்களில் பெரும்பாலானவை அடைபட்டன. இது ஒருமுறை நடந்து முடிந்த கதையும் அல்ல. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், ஏறக்குறைய லட்சம் ஆண்டுக்கு ஒரு தடவை கடல் இப்படி இறங்கி ஏறியிருக்கிறது.

அடைபட்ட காலத்தில் இந்தப் பக்கத்துக் குஞ்சுகள் அந்தப் பக்கம் போக வழியில்லை. டிஎன்ஏவில் சின்னச் சின்ன மாற்றங்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சேர்ந்தன. முட்கிரீட நட்சத்திர மீனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடல்களிலிருந்தும் ஒவ்வொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மரபணுவைப் பார்த்தால் பங்காளிகள்.

கேள்வி: தண்ணீர் திரும்ப ஏறிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டனவே. இதற்குள் கலந்திருக்க வேண்டாமா?

பதில்: நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். லார்வாக்கள் (முட்டையிலிருந்து வந்த இளங்குஞ்சுகள்) வாரக்கணக்கில் மிதக்கும், கடலோட்டம் இழுத்துப் போகும், எல்லாம் கலந்துவிடும் என்று. 2000-ஆம் ஆண்டு பால் பார்பரும் அவரோடு வேலை செய்தவர்களும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை அந்த வாக்கியத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. இந்தோனேசியப் பவளத்திட்டுகளில் பிடித்த ஒரு மாண்டிஸ் இறால் இனத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். வடக்கே ஒரு மரபணுக் கூட்டம், தெற்கே வேறொரு கூட்டம். நடுவில் ஓடுவதோ வலுவான கடலோட்டம்.

ஏன் கலக்கவில்லை? ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் பாறையில், மிதந்து வரும் நாலைந்து பேருக்கு இடம் கிடைக்காது என்பது என் ஊகம். வருவது வேறு, குடியேறிக் குஞ்சு பொரிப்பது வேறு.

கேள்வி: இந்த ஆராய்ச்சியால் பிராணிகளைப் பற்றித் தெரிவது போக, வேறு பயன் உண்டா?

பதில்: உண்டு. அண்டார்க்டிகாவில் டர்கெட் ஆக்டோபஸ் என்று ஒன்று, கடலடியில் ஊர்ந்து திரிவது. (ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும்.) இதற்கு மிதக்கும் லார்வாப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு நேரே கடல்தரையில் இறங்கிவிடும். அதனால் கடலோட்டத்தில் வந்தது என்று சாக்குச் சொல்ல முடியாது. சாட்சிக்கு ஏற்ற ஆள்!

வெட்டல் கடலும் ராஸ் கடலும் கண்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. நடுவே மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்படலம். ஆனாலும் இரண்டு கடல்களின் ஆக்டோபஸ்களும் ஒரு காலத்தில் நேரடியாகக் கலந்திருக்கின்றன என்று 2023-இல் சாலி லாவும் குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள். அருங்காட்சியகப் புட்டிகளில் பல ஆண்டுகளாகக் கிடந்த மாதிரிகளும் அதற்கு உதவின. கலந்த காலம், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பக் காலம். நடுவில் பனி இருந்தால் அது நடக்காது. ஆக, அந்தப் பனிப்படலம் அப்போது சரிந்து, கடல் உள்ளே புகுந்திருக்க வேண்டும். அன்றைய உலக வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒரு டிகிரி சொச்சம் கூடுதல், அவ்வளவுதான். கடல்மட்டமோ இன்றைவிடப் பல மீட்டர் உயரம்.

செங்கல் மட்டுமல்ல, பனிக்கட்டியும் குளத்தைப் பிரிக்கும் என்பதை என் தொட்டியில் நான் காட்டியதே இல்லை.