ஒரே ஒரு டிரைவருக்கு ‘தேர்’ போடலாமா?

கேள்வி: திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். கேட்டில் ஒட்டுவதற்கு ‘எவ்ரி டிரைவர் மஸ்ட் ஷோ ஹிஸ் லைசென்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ‘ஹிஸ்’ஸை அடித்துவிட்டு ‘தேர்’ (their) போட்டுவிட்டார். ‘தேர்’ பன்மை என்றுதானே பள்ளியில் படித்தோம்? மெயிலில் ‘டியர் சார்’ போடுவதும் கூடாதாமே?

பதில்: உங்கள் மேனேஜர் செய்தது சரிதான். தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறுகிறீர்கள், சீட்டில் ஒரு குடை கிடக்கிறது. என்ன சொல்வீர்கள்? ‘யாரோ குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க.’ குடை ஒன்று, விட்டவரும் ஒருவர்தான். ஆணா பெண்ணா என்று தெரியாததால் ‘போயிட்டாங்க’ என்று பன்மை தானாக வாயில் வருகிறது. ‘சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா’வும் அதே கதைதான். மரியாதைக்காக ஒருவரைப் பன்மையில் சொல்வதை ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’ என்று தொல்காப்பியமே குறிக்கிறது. வழக்கில் உண்டு, இலக்கணப்படி ஆகாது என்று ஒரு குட்டும் வைக்கிறது! ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்கும் இந்த ‘தே’ (they), ‘தேர்’ எல்லாம் 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ‘ஹி’யே இருபாலுக்கும் போதும் என்று வாத்தியார்கள் கண்டிப்புக் காட்டியதெல்லாம் பிற்பாடு. நம் நாட்டின் 1897 பொது உட்பிரிவுகள் சட்டமும் ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்கிறது. பழைய படிவங்களில் எங்கும் ‘ஹிஸ்’ கிடப்பதில் வியப்பில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். ஒருவரைக் குறித்தாலும் ‘தே ஆர்’தான், ‘தே ஈஸ்’ கிடையாது. எதிரில் நிற்பவர் ஒருவரே ஆனாலும் ‘யூ ஆர்’ என்கிறோமே, அப்படி. ஆனால் ‘எவ்ரி டிரைவர் ஈஸ்’ மாறாது. இன்னும் உறுத்தினால் ‘ஆல் டிரைவர்ஸ் மஸ்ட் ஷோ தேர் லைசென்சஸ்’ என்று எழுதிவிடுங்கள், ஒருவரும் வாய் திறக்க முடியாது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். திருத்துபவர் பழைய ஆளாக இருக்கலாம். ‘ஹிஸ் ஆர் ஹர்’ தப்பில்லை, ஆனால் நாலு வரிக்குள் அலுத்துவிடும். ‘ஹி’, ‘ஷி’, ‘தே’ இவற்றில் எது வேண்டும் என்று ஒருவர் தானே சொல்லிவிட்டால் அதையே எழுதுங்கள்.

‘டியர் சார்’ விஷயம் சுலபம். ‘கே. மணி’ என்று மட்டும் கையெழுத்திட்டு மெயில் வந்தால் அது மணிவண்ணனா, மணிமேகலையா? ‘டியர் கே. மணி’ என்று பதில் போடுங்கள். பெயரே இல்லையென்றால் ‘டியர் அக்கவுண்ட்ஸ் டீம்’.