கணினி கேள்வி-பதில்: பயாஸ் அப்டேட்

கேள்வி (திருப்பூர் வாசகர்): எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ் மதர்போர்டில் ரைசன் 5 2600 பிராசசர் ஓடுகிறது. பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டின் சிப்பில் இருக்கும் மென்பொருள்) 2019-இல் வந்த பதிப்பு, இதுவரை தொட்டதில்லை. ரைசன் 7 5700எக்ஸ்3டி வாங்கி வைத்திருக்கிறேன். நேராக மாட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாட்டாதீர்கள். 5700எக்ஸ்3டி 2024 ஜனவரியில் வெளிவந்தது. 2019 பயாஸில் அதை எழுப்புவதற்கான நிரல் பகுதியே கிடையாது. மாட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. போர்டு போய்விட்டது என்று பலர் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உங்களிடம் 2600 வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. அது மாட்டியிருக்கும்போதே பயாஸை ஏற்றுங்கள், பிராசசரைப் பிறகு மாற்றுங்கள்.

கோப்பை எடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். டோமஹாக், டோமஹாக் மேக்ஸ், டோமஹாக் மேக்ஸ் 2 என மூன்று போர்டுகள் உண்டு. மூன்றுக்கும் போர்டு எண் 7சி02 என்றே தொடங்கும். ஆனால் பயாஸ் கோப்புகள் வேறு வேறு: பழைய டோமஹாக்கிற்கு 'வி1' வரிசை, மேக்ஸுக்கு 'வி3', மேக்ஸ் 2-க்கு 'விஎச்'. பழையதில் பயாஸ் சிப் 16 எம்பி, மேக்ஸில் 32 எம்பி என்பதால் ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்கு ஆகாது. பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், கடையில் பெட்டி மாறியிருக்கலாம். போர்டின் மேலேயே இருக்கும் எழுத்தைப் படியுங்கள். விண்டோஸில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டினால் வரும் பட்டியலில் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியும், இப்போதுள்ள பயாஸின் பதிப்பும் தேதியும் இருக்கும். போர்டில் உள்ள எழுத்து, இந்த வரி, பயாஸ் பதிப்பின் வரிசை மூன்றும் ஒரே மாடலைச் சொல்ல வேண்டும். பிறகு எம்எஸ்ஐ தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்தில் பிராசசர் பட்டியலைத் திறந்து, 5700எக்ஸ்3டிக்கு எதிரே எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று பார்த்து, அதையோ அதற்குப் பிந்தையதையோ இறக்குங்கள். 'பீட்டா' என்று குறித்ததைத் தவிருங்கள்.

8 முதல் 32 ஜிபி வரையுள்ள ஒரு பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் பயாஸ் கோப்பை மட்டும் போடுங்கள். என்டிஎஃப்எஸ் என்றால் பயாஸ் அதைப் பார்க்காது. ஓவர்கிளாக் (பிராசசரைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது), எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'டிஃபால்ட்' நிலையில் ஒருமுறை பூட் செய்யுங்கள். ரேம் கொஞ்சம் தடுமாறினாலும் தவறான பிட்டுகள் சிப்பில் எழுதப்படும் என்பதால் இந்தப் படியை விடாதீர்கள். பிறகு டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், புதிய பயாஸை எழுதும் எம்-ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்தால் கணினி ஒருமுறை மீண்டும் தொடங்கி, கோப்பைக் கேட்கும். எழுதி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கைவைக்க வேண்டாம். விண்டோஸுக்குள்ளிருந்தே ஃபிளாஷ் செய்யும், அதாவது பயாஸை எழுதும், மென்பொருள்களும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் உறைந்துபோனால் போர்டும் அதோடு போகும் என்பதால் நாங்கள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

பழைய பிராசசரோடு கணினி எழுந்து, புதிய பதிப்பு எண் தெரிந்த பிறகுதான் 2600-ஐக் கழற்ற வேண்டும். புதியதை மாட்டிய முதல் பூட்டில், பிராசசர் மாறியிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (திறவுகோல்களைக் காக்கும், பிராசசரிலேயே உள்ள பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்டு 'ஒய்' அல்லது 'என்' அழுத்தச் சொல்லும். டிரைவில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) இல்லையென்றால் 'ஒய்' அழுத்தலாம். இருந்தால், அடுத்த பதிலைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் முடிந்ததும் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைத்ததே இல்லை. கோப்புகள் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை, பூட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11-ஐ அமைக்கும்போது பெரும்பாலான புதிய லேப்டாப்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அதன் திறவுகோல் கணினியின் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம்முக்குள் இருக்கிறது. பூட் ஆகும்போது ஃபர்ம்வேரின் (பயாஸ் உள்ளிட்ட அடிப்படை மென்பொருளின்) அளவீடுகள் பழையபடி இருந்தால்தான் டிபிஎம் திறவுகோலைத் தரும். பயாஸ் மாறினால் அளவீடும் மாறும். யாரோ கணினியைத் திருத்தியிருக்கிறார்கள் என்று எண்ணி அது மறுத்துவிடும்.

செல்பேசியிலோ வேறு கணினியிலோ, லேப்டாப்பை அமைக்கும்போது பயன்படுத்திய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். அதில் சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு விசை இருக்கும். நீலத் திரையில் தெரியும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியான விசையைத் தட்டுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் விசை அலுவலக ஐடி பிரிவிடம் இருக்கும். எங்குமே கிடைக்காவிட்டால் அந்த டிரைவைத் திறக்க வழி கிடையாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு: ஃபிளாஷ் செய்யும் முன்பே அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். விண்டோஸ் ப்ரோவில் கண்ட்ரோல் பேனலில் 'சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்' பொத்தான் உண்டு. ஹோம் பதிப்பில், அட்மினாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் 'மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிஸேபிள் சி:' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் பூட்டு தற்காலிகமாக நிற்கும். ஒருமுறை விண்டோஸ் பூட் ஆனதும் தானே மீண்டும் இயங்கும். ஆகவே அடித்த கையோடு பயாஸ் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி (சிவகாசி வாசகர்): 'உங்கள் பயாஸ் காலாவதியாகிவிட்டது' என்று ஒரு டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் சொல்கிறது. அப்டேட் செய்தால் கணினி வேகமாகுமா?

பதில்: ஆகாது. அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள். பயாஸ் கோப்பு போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே வர வேண்டும். புதிய பிராசசர், தடுமாறும் ரேம், தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் பாதுகாப்புத் திருத்தம் ஆகியவை அப்டேட்டுக்குத் தக்க காரணங்கள். 2023 டிசம்பரில் வெளிவந்த 'லோகோஃபெயில்' ஓட்டை கடைசி வகைக்கு எடுத்துக்காட்டு: பூட் ஆகும்போது காட்டும் லோகோ படத்தைப் படிக்கும் நிரலில் இருந்த பிழை வழியாக, விண்டோஸ் தொடங்கும் முன்பே தீநிரலை ஓட்ட முடிந்தது. அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது.

கேள்வி (கோவை வாசகர்): கோர் ஐ7-13700கே. கேம் தொடங்கும்போது ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரத்தில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று நின்றுபோகிறது. கிராஃபிக்ஸ் கார்டில் 12 ஜிபி இருக்கிறது. கார்டை மாற்ற வேண்டுமா?

பதில்: கார்டை மாற்றும் முன் பிராசசரைச் சந்தேகியுங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் இன்டெல் பிராசசர்களில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய், நாளடைவில் சிப் தேய்ந்து, இப்படிப் பொருத்தமில்லாத பிழைச் செய்தியோடு கேம்கள் நிற்பது 2024-இல் பெரிய விவகாரமானது. பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது 'சிஆர்சி' (கோப்பின் சரிபார்ப்பு) பிழை வருவதும் அதே அறிகுறி. இன்டெல் அந்த ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என மைக்ரோகோட் (பிராசசருக்குள் இயங்கும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. 2025-இல் 0எக்ஸ்12எஃப் வந்தது. இவை போர்டின் பயாஸ் அப்டேட்டுக்குள் வரும். பதிப்புக் குறிப்பில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

ஏற்றிய பிறகு பயாஸில் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பல போர்டுகள் மின்வரம்பை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், வைத்திருந்தன. உங்கள் பிராசசருக்கு 253 வாட் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அப்டேட் இனிமேல் ஏற்படக்கூடிய தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. அப்டேட்டுக்குப் பிறகும் கேம் நின்றால் பிராசசரை வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள். இந்த வகைகளுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது. பெட்டியோடு வாங்கியதற்கு மொத்தம் 5 ஆண்டு. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (விருத்தாசலம் வாசகர்): எங்கள் ஊரில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதுமா?

பதில்: இன்வெர்ட்டரின் பின்புறம் 'யுபிஎஸ்' நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். அந்த நிலையில் மாறும் நேரம் சுமார் 10 மில்லி விநாடி. நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) மின்சாரம் இல்லாமல் சுமார் 16 மில்லி விநாடி தாங்கும். சாதாரண நிலையில் மாறும் நேரம் இதைவிட நீளும், கணினி அணைந்துவிடும். தொடங்கும் முன், விண்டோஸில் எதையும் திறக்காமல் வைத்து மெயினை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். கணினி அசையாமல் நின்றால் அதை நம்பலாம். 600 விஏ யுபிஎஸ் தனியாக இருந்தால் இன்னும் நல்லது, பயாஸ் திரையில் கணினி அதிகம் மின்சாரம் இழுப்பதில்லை. பேட்டரி நல்ல நிலையில் இருப்பது மட்டும் முக்கியம். லேப்டாப்பில் பேட்டரி நிறையச் சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): அப்டேட் 100 சதவீதம் காட்டியது, ரீஸ்டார்ட் ஆனது, இருபது நிமிடமாகத் திரை கருப்பாகவே இருக்கிறது. டிடிஆர்5 ரேம் உள்ள ஏஎம்5 போர்டு.

பதில்: அப்டேட் முடிந்த முதல் பூட்டில் டிடிஆர்5 ரேமுக்குப் 'பயிற்சி' நடக்கும். ஒவ்வொரு தடத்தின் நேரத்தையும் போர்டு முயன்று பார்த்துச் சரிசெய்கிறது. பல நிமிடங்கள் திரை கருப்பாக இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இருபது நிமிடம் அதிகம். இப்போது எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரே ஒரு ரேமை மட்டும் மேனுவல் சொல்லும் துளையில் வைத்து, சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் கழற்றி மாட்டுங்கள். இது அமைப்புகளை மட்டுமே அழிக்கும். பழைய பயாஸ் பதிப்பைக் கொண்டுவரும் என்று சிலர் எண்ணுவது தவறு.

அதற்கும் எழாவிட்டால், போர்டின் பின்புறம் ஃபிளாஷ் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிராசசரும் ரேமும் வேலை செய்யாமலேயே பயாஸை எழுதலாம். 24 பின், 8 பின் கேபிள்கள் செருகி எஸ்எம்பிஎஸ் ஆனில் இருந்தால் போதும். கோப்பின் பெயரை மாற்ற வேண்டும்: எம்எஸ்ஐக்கு எம்எஸ்ஐ.ஆர்ஓஎம், ஜிகாபைட்டுக்கு ஜிகாபைட்.பிஐஎன், ஏஎஸ்ராக்குக்கு கிரியேட்டிவ்.ஆர்ஓஎம், எல்லாம் ஆங்கில எழுத்தில். ஏசுஸுக்கு, இறக்கிய ஜிப்பிலேயே பெயர் மாற்றும் கருவி ஒன்று இருக்கும். பென்டிரைவைக் குறியிட்ட துளையில்தான் செருக வேண்டும், பக்கத்துத் துளை உதவாது. பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் விளக்கு மினுக்கும், முடிந்ததும் அணையும். ஏசுஸில் ஐந்து விநாடி மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் அது கோப்பைப் படிக்கவில்லை. பெரும்பாலும் பெயரோ ஃபார்மட்டோ தவறு. வேறு பென்டிரைவில் முயலுங்கள்.

கணினி எழுந்ததும் பயாஸுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். எக்ஸ்போ (ஏஎம்டி போர்டுகளில் ரேம் வேகத்துக்கான அமைப்பு), ஃபேன் வேகம், மெய்நிகர் இயந்திரத்துக்கான எஸ்விஎம், பூட் வரிசை எல்லாம் 'டிஃபால்ட்' நிலைக்குப் போயிருக்கும். இன்டெல் போர்டுகளில் டிரைவ்களைக் கையாளும் 'விஎம்டி' அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் டிரைவைக் காணாமல் நீலத் திரை காட்டும். அப்டேட்டுக்கு முன்பே பயாஸ் பக்கங்களை செல்பேசியில் படமெடுத்து வைத்தால், எது எப்படி இருந்தது என்று தேட வேண்டியிருக்காது.

கேள்வி (சேலம் வாசகர்): ஃபிளாஷ் பொத்தான் இல்லாத போர்டு, பாதியில் மின்சாரம் போய் இறந்துவிட்டது. சிஎச்341ஏ ப்ரோக்ராமர் (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி) வாங்கி நானே பயாஸை எழுதலாமா?

பதில்: எழுதலாம், சிப்பின் மின்னழுத்தம் தெரிந்தால். போர்டில் எட்டு கால் பயாஸ் சிப்பைத் தேடி அதன் எண்ணை உருப்பெருக்கியில் படியுங்கள். வின்பாண்ட் சிப்பில் 25கியூ128 என்பதை அடுத்து 'எஃப்வி', 'ஜேவி' என்றிருந்தால் 3.3 வோல்ட். 'எஃப்டபிள்யூ', 'ஜேடபிள்யூ' என்றால் 1.8 வோல்ட். 1.8 வோல்ட் சிப்புக்கு இடையில் தனி அடாப்டர் இல்லாமல் கிளிப்பை (சிப்பின் கால்களைக் கவ்வும் இணைப்பு) மாட்டினால் சிப் கெட்டுவிடும். மலிவான கருப்பு சிஎச்341ஏ பலவற்றில் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. மல்டிமீட்டரில் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

எழுதும் முன், சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து இரு கோப்புகளும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. அந்தப் பழைய கோப்பைச் சேமியுங்கள். போர்டின் சீரியல் எண்ணும், பல போர்டுகளில் லேன் முகவரியும் அதில்தான் இருக்கும். புதிய கோப்பின் அளவு சிப்பின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்: 128 மெகாபிட் சிப்புக்கு 1,67,77,216 பைட். ஏசுஸின் 'கேப்' கோப்புகள் பல, முன்னால் 2048 பைட் கூடுதலாக இருக்கும். அதை வெட்டாமல் எழுதினால் எல்லாம் இடம் தள்ளி விழுந்து போர்டு எழாது. எழுதிய பிறகு 'வெரிஃபை' செய்து, கிளிப்பைக் கழற்றிய பின்பே மின்சாரம் கொடுங்கள்.