வடக்கு மலைவெளியில் நடந்துவிட்டு வருபவருக்கு ஸ்டாக்ஹோமில் என்ன இருக்கிறது?

சுவீடனின் வடகோடியில் குங்ஸ்லேடன் பாதையில் நடந்து முடித்தபின், திரும்பும் வழியில் ஸ்டாக்ஹோமில் இரண்டு நாள் தங்கினால் அலுப்புத் தட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவோக்தா வரை நடந்துவிட்டு, கிருனாவில் இரவு ரயிலேறி ஸ்டாக்ஹோமுக்கு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்டியல் போட்டுக்கொண்டு ஓடினால் கட்டாயம் தட்டும், ஒரே ஒரு கப்பலுக்கு நேரம் கொடுத்தால் தட்டாது.

அந்தக் கப்பல், யூர்கோர்டன் தீவில் அருங்காட்சியகத்துக்குள் நிற்கும் வாசா. 64 பீரங்கிகளோடு 1628 ஆகஸ்டு 10 அன்று முதன்முறையாகப் புறப்பட்ட அந்தப் போர்க்கப்பல், ஏறத்தாழ 1,300 மீட்டர் போவதற்குள் காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. மேல்பாரம் மிகுதி என்று படித்தறிவது வேறு. கீழ்வரிசை வாயில்கள் நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் இருந்திருக்கும் என்பதை நேரில் நின்று பார்ப்பது வேறு. பால்டிக் கடலில் உப்பு குறைவென்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழ்வதில்லை. அதனால்தான் 1961இல் கப்பலை ஏறக்குறைய முழுதாகவே மேலே கொண்டுவர முடிந்தது. ஊறிய மரம் உலரும்போது சுருங்கி வெடிக்காமலிருக்க, அதிலுள்ள நீரின் இடத்தைப் பிடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் தெளித்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் இந்தக் கப்பலைக் கட்டுவதற்காக வெட்டப்பட்டன என்ற செய்தி, குட்டையாக வளைந்து வளரும் மலை பிர்ச்சுகளையே பார்த்துப் பழகி வந்த எனக்குச் சற்று உறைத்தது. முதலில் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் கப்பலின் அடிமரத்தைச் சுற்றிவந்து, பிறகு ஒவ்வொரு தளமாக ஏறிப் பின்புறச் சிற்பங்களுக்குச் செல்லுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கும் 1915ஆம் ஆண்டுப் பனியுடைப்புக் கப்பல் சங்க்ட் எரிக்கைக் கரையிலிருந்து பார்த்தாலே போதும். மாலையில் ஷெப்ஸ்ஹோல்மன் தீவுக்குச் சென்றால், 1888இல் கட்டப்பட்டு 1949இல் விடுதியான ஆஃப் சாப்மன் என்ற மூன்று பாய்மரக் கப்பல் வெள்ளை வெளேரென்று நிற்கும்; அங்கிருந்து பழைய நகரத்தின் கரையோரம் முழுவதும் தெரியும்.

மறுநாள், கோடைக்காலமாக இருந்தால், வக்ஸ்ஹோல்ம் தீவை நோக்கிப் படகில் போகலாம். நடந்து உரமேறிய கால்களுக்கு ஓய்வும் கிடைக்கும், தீவுக்கூட்டமும் கண்ணில் படும். பழைய நகரத்தின் குறுகிய தெருக்களைக் காலை வேளைக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆளரவமற்ற மலையிலிருந்து வந்தவருக்கு நண்பகல் நெரிசல் சகிக்காது.