கிளீனும் ஃபஸ்ஸும் ஒரே ஆம்ப்பில்

கேள்வி: என் ட்யூப் ஆம்ப்பின் (வெற்றிடக் குழாய்ப் பெருக்கியின்) இரண்டு சேனலுக்கும் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, ஒன்றில் கிளீன் (கரகரப்பற்ற) பேஸ் கிட்டார், மற்றதில் ஃபஸ் (கரகரப்பூட்டும் பெடல்) விடுகிறேன். தனித்தனியே நன்றாக இருக்கிறது. சேர்த்தால் அடியொலியே காணோம். ஏன்?

பதில்: இரு சேனலின் ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் நிலை) எதிரெதிராக இருக்கிறது. ட்யூப் பெருக்கக் கட்டம் ஒவ்வொன்றும் பொதுவாக அலையைத் தலைகீழாக்கும். ஒரு சேனலில் ஒரு கட்டம் கூடினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பின் நார்மல், வைப்ரேட்டோ சேனல்கள் அப்படித்தான். சில ஃபஸ் பெடல்களும் தலைகீழாக்கும்.

ஒய் கேபிளைக் கழற்றுங்கள். ஃபஸ்ஸின் குறைந்த இன்புட் இம்பீடன்ஸ் (மின்தடை) பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதியின்) சிக்னலை இழுத்து, கிளீன் பக்கத்தையும் மங்கவைக்கும். பஃபரும் (பிக்கப்பை அந்தச் சுமையிலிருந்து காக்கும் சுற்று) ஃபேஸ் சுவிட்சும் உள்ள ஏபிஒய் பெட்டி (சிக்னலை இரு பக்கமும் பிரித்து அனுப்புவது) வாங்குங்கள். ஃபஸ்ஸை இயக்கியபடியே இரு சேனலையும் சம அளவில் வைத்து, ஈ கம்பியை மீட்டிச் சுவிட்சை மாற்றுங்கள். அடி கனக்கும் நிலைதான் சரி.

பிறகு கிளீன் சேனலின் ஒலி அளவை முதலில் அமைத்துக்கொண்டு, ஃபஸ்ஸை மெல்ல ஏற்றுங்கள். ஃபஸ் பக்கம் பேஸ் குமிழைக் குறைத்தால், ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிளீன் மட்டும் ஆளும். பவர் ட்யூப்கள் இரு சேனலுக்கும் பொதுவானவை என்பதால் மாஸ்டர் வால்யூமை முறுக்கினால் கிளீனும் கரகரக்கும். சேனல்களைக் கால் சுவிட்சால் மாற்றும் ஆம்ப்களில் பொதுவாக இந்த வேலை நடக்காது.