1905 புறக்கோட்டையில் யார் யார் நிற்பார்கள்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு மணி நேரச் சரித்திரப் படம் எடுக்கிறோம். 1905இல் கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தின் கதை. “சோனகர் (தமிழ் பேசும் முஸ்லிம்கள்), மலாயர், பறங்கியர் (ஐரோப்பிய வழித்தோன்றல்கள்) யாருமே இல்லையே” என்று கதையைக் கேட்டவர்கள் சொன்னார்கள். ஆளுக்கொரு பாத்திரம் சேர்த்தோம். இப்போது அலங்கார ஊர்வலம் போல இருக்கிறது. என்ன செய்யலாம்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: சேர்த்தவர்களை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் கடைக்காரரின் ஒரு நாளை விடிகாலையிலிருந்து எழுதிப் பாருங்கள். சரக்கு துறைமுகத்திலிருந்து வர வேண்டும். கைவண்டியில் கொண்டுவருபவர் நாட்டாமை (கொழும்பில் சுமைகூலிக்கு அதுதான் பெயர்). கொள்முதலுக்குக் கடன் வேண்டும். அது செட்டியார் தெருக் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டிக்குக் கொடுக்கும் கடையில் கிடைக்கும். சுங்கக் கந்தோரில் தாள்களைப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்தவராகவோ பறங்கியராகவோ இருப்பார். அடுத்த கடை சோனகருடையது. இப்படி வந்தவர்களை யாரும் ஒட்டவைத்ததாகச் சொல்லமாட்டார்கள்.

கூட்டத்தை விடப் பேச்சில்தான் பெரிய ஓட்டை இருக்கும். இம்மாதிரித் திரைக்கதைகளில் எல்லாத் தமிழரும் ஒரே தமிழ் பேசுவதை அடிக்கடி பார்க்கிறேன். கந்தோர்க்காரருடையது யாழ்ப்பாணத் தமிழ், கிட்டங்கியில் செட்டிநாட்டுத் தமிழ், மூட்டை தூக்குபவரிடம் தென்தமிழ்நாட்டுத் தமிழ். சோனகர் வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா. அந்த வீட்டுப் பிள்ளை தன் மூத்த சகோதரியை ‘அக்கா’ என்று கூப்பிட்டால், கொழும்புப் பார்வையாளர்கள் பாதிப் பேருக்கு அந்தக் காட்சி அங்கேயே முடிந்துவிடும். சிங்கள வாடிக்கையாளர் தடுமாறித் தமிழ் பேசிச் சிரிக்கவைப்பதும் வேண்டாம். வியாபாரம் நடக்க வேண்டுமானால் சிங்களம் பேசத் தடுமாறியவர் உங்கள் கடைக்காரராகத்தான் இருந்திருப்பார். சிங்களத்தைச் சிங்களமாகவே விட்டு, திரையின் அடியில் தமிழ் வரி போடுங்கள்.

உடையை ஆடையலங்காரக்காரரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் தெரிவு செய்த ஆண்டிலேயே ஒரு கதை கிடக்கிறது. அந்த 1905இல்தான் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தொப்பியோடும் சப்பாத்தோடும் வழக்காட விடவில்லை. அதைக் கண்டித்து டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. அடுத்த கடைக்காரர் அன்று கடையை அடைத்துவிட்டு, தொப்பியைத் துடைத்துத் தலையில் வைத்துக்கொண்டு டிராம் ஏறட்டும். உங்கள் கடைக்காரர் வாசலில் நின்று பார்க்கட்டும். போவதா, கடையில் இருப்பதா என்ற அவருடைய யோசனையில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது.

சோனகரைக் காட்டப் பின்னணியில் சிவப்புப் பள்ளிவாசலை வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைக் கட்டத் தொடங்கியதே 1908இல். மலாயருக்கும் ஆண்டுக்கணக்கு பார்க்க வேண்டும். மலாயர் நிறைந்திருந்த இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதில் இருந்த கொம்பனித்தெரு மலாயர் உங்கள் கதையில் ஐம்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார். துப்பாக்கி ஏந்திய இளைஞராக அவரைக் காட்ட முடியாது; மகன் பொலிஸில் இருக்கலாம்.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அக்காலத் தெருப் படங்களில் ஆண்களே நிறைந்திருப்பதால் பெண்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறோம். கொழும்பின் காரீய (பென்சில் கரி) கிடங்குகளில் தரம் பிரித்தவர்களில் சிங்களப் பெண்கள் ஏராளம். மாலையில் கையும் முகமும் அந்தத் தூளில் வெள்ளிபோல் மினுங்க, அவர்களில் ஒருத்தி உங்கள் கடையில் அரைப்படி அரிசி கேட்கட்டும்.

கடைகளின் பெயருக்கும் தெருக்களுக்கும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், அக்காலப் பெர்குசன் டைரக்டரியை (இலங்கை பற்றிய ஆண்டு விவரத் திரட்டு) கேளுங்கள். வசனத்துக்கு அது உதவாது. ஒவ்வொரு வீட்டுப் பேச்சையும் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவரிடம், ஒத்திகைக்கு முன்பே வாசித்துக் காட்டுங்கள். படப்பிடிப்பு நாளில் காட்டினால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நடிகருக்குக் கொடுப்பது போல அவருக்கும் சம்பளம் கொடுங்கள்.