தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புவது? (கடிதம்)

வணக்கம் ஐயா. என் மகள் அரசாங்கப் பல்கலைக்கழகமொன்றில் தகவல் தொழில்நுட்பம் பயில்கிறாள். அடுத்த பருவம் தொழிற்பயிற்சி. சைபர்ஜெயா நிறுவனமொன்று அழைத்திருக்கிறது. அவர்கள் தரும் உதவித்தொகை அறை வாடகைக்கே சரியாகிவிடும். வீட்டுக்கு அருகிலுள்ள கணினி பழுதுபார்க்கும் கடையிலும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. எதை ஏற்பது?

— ஒரு தாய், சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

செலவை எண்ணி நீங்கள் தயங்குவது நியாயமே. ஆனால் தூரத்தையும் நிறுவனத்தின் பெயரையும் பார்ப்பதற்கு முன்பாக, உங்கள் மகள் எழுதும் நிரலை அங்கே யார் படித்துத் திருத்துவார் என்பதைக் கேட்டறியுங்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர் எப்போதாவதுதான் வந்து பார்ப்பார். நாள்தோறும் உடனிருக்கப்போகிறவர் நிறுவனத்து மேற்பார்வையாளரே. வேறொருவர் எப்போதோ எழுதிவைத்த நிரலைப் புரிந்துகொண்டு, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் தனிக் கிளை, அதாவது தனிப் பிரதி, பிரித்து மாற்றி, மூத்த நிரலாளர் சுட்டும் பிழைகளைத் திருத்தி, சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்த பிறகே பயனர்களிடம் கொண்டுசெல்லும் பழக்கத்தை வகுப்பறை ஒப்படைப்புகளில் முழுமையாகப் பெற முடியாது. அதற்காகத்தான் இந்தப் பயிற்சியே. கடையில் விண்டோஸ் ஏற்றுவதும் திரை மாற்றுவதும் பயனுள்ள வேலைகள்தாம், ஆனால் அவள் படிப்புக்கு அவை போதா. சைபர்ஜெயாவிலும் தரவு உள்ளிடுவதிலேயே மாதங்கள் கழிந்துவிடக்கூடும். ஆகவே எந்தக் குழு, என்ன பணி, யார் மேற்பார்வை என்று மகளையே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். தெளிவாகப் பதில் தராத இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

உங்கள் வட்டாரத்தில் பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொரு வழி உண்டு. எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமானதால், ஆலைக்கு வரும் செம்பனைக் குலைகள் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பதிவு வேண்டும். எடைமேடைக் கணக்கு, சிறுதோட்டக்காரர் விவரம், தொழிலாளர் சம்பளம் ஆகியவையும் தரவுத்தளத்தில் வைக்கத்தக்கவையே. தோட்ட நிறுவனத்தின் வட்டார அலுவலகத்தில் தகவல் தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் இருந்தால், அங்கே விண்ணப்பிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பெற்றோர் குலை அறுத்த தோட்டத்தின் கணினிப் பிரிவில் பிள்ளைகள் அமர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அப்படி ஓர் அதிகாரி இல்லாத ஆலை, கடையைப் போலத்தான். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஈப்போ நிறுவனங்களையும் விட்டுவிடாதீர்கள்.

பண விஷயத்தில் கூச்சம் வேண்டாம். அரசாங்க நிறுவனமான டேலண்ட்கார்ப் ஏற்பளித்த கட்டமைக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின்கீழ் மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு, அச்செலவை இருமடங்காகக் கழித்துக்கொள்ளும் இரட்டை வரிக் கழிவு அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. அழைத்த நிறுவனம் அதில் இருக்கிறதா, தொகையைக் கூட்ட முடியுமா, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று மகள் கேட்கலாம். அதே பல்கலைக்கழகத்து மூத்த மாணவியரோடு அறையைப் பகிர்ந்துகொண்டால் வாடகையும் குறையும்.

பணி விவரம், நேரம், உதவித்தொகை, காப்புறுதி ஆகியவற்றை எழுத்தில் வாங்கி, ஏற்கும் முன் புலத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் காட்டட்டும். சைபர்ஜெயாவிலிருந்து நல்ல பதில் வந்தால், கொஞ்சம் சிரமப்பட்டேனும் அங்கே அனுப்புங்கள். வராவிட்டால் ஈப்போவிலும் தோட்ட அலுவலகத்திலும் இந்த வாரமே விண்ணப்பிக்கட்டும்.